எண்ணப்படாத செவிலியர்: மருத்துவமனைப் படிநிலையும் சாதியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களும் சென்னையின் மேற்கே அடுத்தடுத்து அமைந்தவை. இங்குப் பணியாற்றும் செவிலியரின் சீருடை ஏறத்தாழ ஒன்றுதான். அவர்களுக்கு வேலை அளிப்போர் மட்டும் பலர். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட அம்பத்தூரில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை மாநகராட்சி நடத்துகிறது. ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகள் மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தைச் சேர்ந்தவை. சுற்றியுள்ள ஊரக ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதாரத் துறையின்கீழ் வருகின்றன. தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் தொழிலாளர் நலத் துறையைச் சார்ந்தவை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கென ஒரு மருத்துவமனையும் உண்டு. இவற்றோடு, நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் தனியார் மருத்துவமனைகளும் செவிலியர் கல்லூரிகளும் பெருகியுள்ளன.

இத்தனை நிறுவனங்களிலும் பணியாற்றும் செவிலியருள் தலித் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள்? காலமுறை ஊதியத்தில் எத்தனை பேர், தொகுப்பூதியத்தில் எத்தனை பேர்? கண்காணிப்பாளர் பதவி வரை உயர்ந்தவர் எத்தனை பேர்? சுகாதாரத் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு இந்தக் கேள்விகளுக்கு விடை தருவதில்லை. பணியில் சேரும் நாளில் சாதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கும் அரசு, அதன்பின் அந்தப் பெண்ணின் பணிவாழ்வு எப்படிச் சென்றது என்பதைச் சாதிவாரியாகக் கணக்கிட்டு மக்கள்முன் வைப்பதில்லை.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கறுப்பினச் செவிலியர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடத்திய போராட்டம் இந்த இடத்தில் நமக்குப் பாடமாகிறது. இனமும் சாதியும் ஒன்றல்ல. ஆயினும் அண்ணல் அம்பேத்கர் 1946-இல் டபிள்யூ.இ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972-இல் மராட்டிய இளைஞர்கள் தம் இயக்கத்துக்குத் தலித் பேந்தர்கள் எனப் பெயரிட்டதும் இவ்விரு ஒடுக்குமுறைகளையும் அருகருகே வைத்துக் கற்கும் மரபின் அடையாளங்கள். அந்த மரபைப் பின்பற்றி, செவிலியர் பணியில் சாதி எவ்வாறு செயல்படுகிறது, சட்டம் எதுவரை துணை வருகிறது, எங்கே கைவிடுகிறது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தீட்டு என்றவர்களும் தொட்டுத் துடைத்தவர்களும்

நோயுற்ற உடலைத் தொடுதல், குருதியையும் சீழையும் மலத்தையும் துடைத்தல், பிரசவம் பார்த்தல், பிணத்தைக் கழுவுதல் ஆகிய பணிகள் எல்லாச் சமூகங்களிலும் தேவையானவை. சாதியச் சமூகம் அவற்றைத் தீட்டு என்று பெயரிட்டு, குறிப்பிட்ட சாதிகளின் தலையில் சுமத்தியது. தமிழகச் சிற்றூர்களில் மருத்துவச்சியாக இருந்தவர்களுள் பெரும்பாலோர் நாவிதர் சமூகப் பெண்கள். குழந்தையை உலகுக்குக் கொண்டுவந்த கைகளுக்கு நெல்லும் பழம்புடவையும் கூலியாகக் கிடைத்தன, மதிப்பு கிடைக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் மருத்துவமனைகள் பெருகியபோது இதே பணி புதிய வடிவம் பெற்றது. 1854-இல் சென்னையில் பேறுகாலப் பயிற்சிப் பள்ளிக்கு அரசு இசைவளித்தது. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கின. அந்நிய ஆடவரின் உடலைத் தொடுவதும், இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்குவதும் அவர்களுக்கு இழுக்காகத் தோன்றின. ஆகவே தொடக்க காலச் செவிலியர் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர் ஆகியோராகவே இருந்தனர். மிஷன் மருத்துவமனைகளில் பயின்றவர்களுள் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து கிறித்தவம் தழுவிய குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். வேறு கதவுகள் அடைபட்டிருந்த அவர்களுக்குக் கல்வியும் ஊதியமும் தரும் வழியாக மிஷன் மருத்துவமனை அமைந்தது.

பணியின்மீது படிந்த சாதி இழிவு நாட்டின் சுகாதாரத்தையே பாதித்தது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டது. அதே அறிக்கையின்படி மருத்துவர் 6,300 பேருக்கு ஒருவர் இருந்தார். மருத்துவரைவிடச் செவிலியர் ஏழில் ஒரு பங்கே இருந்த அந்த நாட்டில், செவிலியர் பணியை மதிக்காமல் போனதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஏழை நோயாளிகள்தாம்.

இன்றைய தமிழ்நாட்டின் பெருமிதங்களுள் ஒன்று நிறுவனப் பிரசவம். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்கின்றன. இந்த எண்ணுக்குப் பின்னால் 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களில் பணியாற்றும் கிராம சுகாதார செவிலியரின் உழைப்பு இருக்கிறது. ஊரையும் சேரியையும் கடந்து வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதும், தடுப்பூசி போடுவதும், பேறுகால உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்புவதும் இவர்களே. சேரிக்குள் செல்ல மறுக்கும் பணியாளரும், ஊருக்குள் வரும் தலித் செவிலியரைத் திண்ணையோடு நிறுத்தும் வீடும் ஒரே நோயின் இரு முகங்கள்.

கறுப்பினச் செவிலியர் நடந்த பாதை

அமெரிக்காவில் முறையான பயிற்சி முடித்துப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் மேரி எலிசா மஹோனி. பாஸ்டனில் பெண்களாலேயே நடத்தப்பட்ட ஒரு மருத்துவமனையில் 1879-இல் அவர் பயிற்சியை முடித்தார். அதற்கு முன் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் சமையல், துணி துவைத்தல், துப்புரவு ஆகிய வேலைகளைச் செய்து வந்தவர் அவர். ஆயாவாக உள்ளே நுழைந்த பெண் செவிலியராக வெளியே வந்தது அவரது தனித் திறமையால் மட்டுமன்று. அந்த நிறுவனம் கதவைத் திறந்து வைத்திருந்ததும் ஒரு காரணம். நாட்டின் மற்றப் பயிற்சிப் பள்ளிகளிற் பல அக்கதவைச் சாத்தியே வைத்திருந்தன.

பட்டம் பெற்ற பின்னும் தடைகள் ஓயவில்லை. அமெரிக்கச் செவிலியர் சங்கத்தில் உறுப்பினராக, மாநிலச் சங்கத்தின் வழியாகச் செல்ல வேண்டியிருந்தது. தென் மாநிலச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்தன. விதியில் இனம் என்ற சொல் இல்லாமலேயே இனவிலக்கு நடந்தது. இதை எதிர்த்து 1908-இல் மார்த்தா பிராங்க்ளின் முன்முயற்சியில் நியூயார்க்கில் கறுப்பினப் பட்டதாரிச் செவிலியரின் தேசியச் சங்கம் உருவானது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை கறுப்பினச் செவிலியரை மிகக் குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே சேர்த்துக்கொண்டது. அவர்களுள் சிலரைச் சிறைபிடிக்கப்பட்ட ஜெர்மானிய வீரர்களுக்குப் பணிவிடை செய்ய அனுப்பியது. அதே வேளையில், செவிலியர் பற்றாக்குறை என்று சொல்லிக் கட்டாய ஆள்சேர்ப்புக்கும் அரசு திட்டமிட்டது. சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான மேபல் ஸ்டாப்பர்ஸ் இந்த முரண்பாட்டைப் பொதுவெளியில் வைத்தார். பணியாற்ற ஆயத்தமாக எத்தனை பேர் காத்திருக்கின்றனர், படை எத்தனை பேரை எடுத்துள்ளது என்ற இரண்டு எண்களே அவரது ஆயுதம். 1945-இல் படை தன் தடையை நீக்கியது. 1948-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் கறுப்பினத்தவரை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. தன் நோக்கம் நிறைவேறியதாகக் கருதிய தேசியச் சங்கம் 1951-இல் தன்னைக் கலைத்துக்கொண்டது. அதன்பின்னும் பாகுபாடு தொடர்ந்ததால், 1971-இல் தேசியக் கறுப்பினச் செவிலியர் சங்கம் என்ற புதிய அமைப்பு தேவைப்பட்டது.

அவர்களின் பங்களிப்பு நம் சென்னையையும் மறைமுகமாகத் தொடுகிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ காசநோய் மருத்துவமனையிலிருந்து, தொற்றுக்கு அஞ்சி வெள்ளையினச் செவிலியர் விலகிச் சென்றனர். அந்த இடங்களை நிரப்ப, தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினப் பெண்கள் வரவழைக்கப்பட்டனர். ஐசோனியசிட் மருந்தின் தொடக்க காலச் சோதனைகள் 1950-களின் தொடக்கத்தில் அங்கு நடந்தபோது நோயாளிகளைக் கவனித்தவர்கள் அவர்களே. அதே மருந்தை அடிப்படையாகக் கொண்டு 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம், ஏழை நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகுக்கு மெய்ப்பித்தது. அந்த ஆய்வில் வீடுவீடாகச் சென்று மாத்திரைகளைச் சரிபார்த்த பெண்களின் உழைப்பு இன்றியமையாதது. ஆய்வறிக்கைகளில் மருத்துவர்களின் பெயர்கள் நிலைத்தன. வாசற்படி ஏறி இறங்கியவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

பிரிட்டனின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1948-இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை, கரீபியத் தீவுகளிலிருந்து ஏராளமான இளம்பெண்களைப் பயிற்சிக்கு அழைத்தது. அங்கு இரண்டு தகுதிகள் இருந்தன. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றவர் பதிவுபெற்ற செவிலியர். இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர் ஒரு படி கீழான செவிலியர். வந்தவர்களுள் பலர், வேறுபாடு இன்னதென்று விளக்கப்படாமலேயே இரண்டாண்டுப் பயிற்சிக்குத் தள்ளப்பட்டனர். அந்தத் தகுதியால் பதவி உயர்வு கிட்டவில்லை. தாய்நாடு திரும்பினால் அது அங்கு ஏற்கப்படவும் இல்லை. 1964-இல் கயானாவில் பிறந்த டாஃப்னி ஸ்டீல், தேசிய சுகாதார சேவையின் முதல் கறுப்பினத் தலைமைச் செவிலியரானார். சேவை தொடங்கி அதற்குள் பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

2015 முதல் அங்கு ஒரு புதிய ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு சுகாதார நிறுவனமும் தன் பணியாளரின் நிலையை ஒன்பது அளவுகோல்களின்படி இனவாரியாகக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். யார் எந்த ஊதியப் படியில் உள்ளனர், நேர்காணலுக்குப் பின் யாருக்கு வேலை கிடைக்கிறது, யார்மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்கிறது, யார் துன்புறுத்தலுக்கு ஆளாகின்றனர் என்பவை அவற்றுள் சில. 2016-இல் வெள்ளையரல்லாதார் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. எண் வெளியானதும் நிர்வாகங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அந்த இடைவெளி வெகுவாகக் குறுகியது. பணியமர்த்துவதில் வெள்ளையருக்கிருந்த ஒன்றரை மடங்கு சாதகமோ பெரிதாக மாறவில்லை. கணக்கெடுப்பு மட்டுமே பாகுபாட்டை ஒழித்துவிடாது. ஆனால் எது மாறியது, எது மாறவில்லை என்று சுட்டிக்காட்டும் வாய்ப்பு அங்குள்ள செவிலியருக்கு இருக்கிறது. இங்கு அது இல்லை.

தொகுப்பூதியம் என்னும் கீழ்ப்படி

பிரிட்டனில் இரண்டாண்டுப் பயிற்சி செய்ததைத் தமிழகத்தில் இன்று இரண்டு வழிகள் செய்கின்றன. ஒன்று ஒப்பந்த நியமனம். மற்றொன்று, தனியார் மருத்துவமனைகள் குறுகிய காலச் சான்றிதழ் பெற்ற பெண்களை உதவியாளர் என்ற பெயரில் அமர்த்தி, செவிலியர் வேலையை வாங்கிக்கொள்வது. செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய இயலாத அச்சான்றிதழை நம்பிக் கடன் வாங்கிப் படித்த பெண், பல ஆண்டுகள் கழித்தும் அதே படியில் நிற்கிறாள்.

அரசுத் துறையில் நடந்ததைப் பார்ப்போம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் எழுத்துத் தேர்வு நடத்தி 7,000-க்கும் மேற்பட்ட செவிலியரைத் தேர்ந்தெடுத்தது. இனச்சுழற்சி முறை பின்பற்றப்பட்ட தேர்வுதான் அது. ஆனால் தேர்வானவர்களுக்கு வழங்கப்பட்டது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் காலமுறை ஊதியம் என்பது வாக்குறுதி. அது நிறைவேறாததால் 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர். போராட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவர்கள் பணிக்குத் திரும்பினர். தொகுப்பூதியம் பின்னர் 14,000 ரூபாயாக உயர்ந்தது. பணி நிரந்தரமோ காலியிடங்களைப் பொறுத்துச் சிறிது சிறிதாகவே நடந்தது. கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. தொற்றின் உச்சத்தில் முன்களப் பணியாளர் என்று கைதட்டப்பட்டவர்கள், புத்தாண்டில் வேலை கேட்டுத் தெருவில் நின்றனர்.

இட ஒதுக்கீடு இருக்கிறதே, அநீதி எங்கே என்று கேட்போர் உண்டு. வாசலில் இட ஒதுக்கீட்டைக் கடைப்பிடித்துவிட்டு, உள்ளே நிரந்தரமற்ற ஓர் அறையில் அமர வைத்தால் அந்த ஒதுக்கீட்டின் பொருள் பாதியாகிவிடுகிறது. சொத்தும் சேமிப்பும் உள்ள குடும்பத்துப் பெண் நிரந்தரப் பணி வரும்வரை காத்திருக்க முடியும். கல்விக் கடனும் வீட்டு வாடகையும் தலைமேல் நிற்கும் முதல் தலைமுறைப் பட்டதாரியால் அது முடியாது. ஒப்பந்த முறை சாதியைப் பற்றிப் பேசுவதில்லை. அதன் சுமையோ சாதி வகுத்த பாதையிலேயே இறங்குகிறது.

சட்டம் இதற்கு ஓரளவு மருந்து வைத்திருக்கிறது. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்குக் காலமுறை ஊதியத்தின் தொடக்க நிலையாவது வழங்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பைக் காட்டிப் பணி நிரந்தரத்தை மறுப்பது அரசுகளின் வழக்கம். பல்லாண்டுகள் தொடர்ந்து தேவைப்படும் வேலையைச் செய்தவர்களுக்கு எதிராக அத்தீர்ப்பைக் கேடயமாக்கக் கூடாது என்பதை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தனியார் துறைக்கும் ஓர் அளவுகோல் உண்டு. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆணைப்படி ஒன்றிய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100-க்கு மேற்பட்டவற்றில் அதைவிட 10 விழுக்காட்டுக்கு மிகாத குறைவு. 50 முதல் 100 வரை 25 விழுக்காட்டுக்கு மிகாத குறைவு. 50-க்குக் கீழ் குறைந்தது 20,000 ரூபாய் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரைக்கு உயிர் கொடுக்க வேண்டியவை மாநில அரசுகள். கேரளத்தில் செவிலியர் சங்கம் தொடர்ந்து போராடியதால் 2018-இல் 20,000 ரூபாய் அடிப்படை ஊதியம் அரசாணையானது.

நான்கு சுவர்களும் பொதுப் பார்வையும்

சட்ட உதவி கேட்டு வரும் தலித் செவிலியர் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே சாயலில் அமைகின்றன. தொடர்ச்சியான இரவுப் பணி, விடுப்பு மறுப்பு, சிறு பிழைக்கும் குறிப்பாணை, உணவு வேளையில் தனித்து விடப்படுதல், சாதியைச் சாடையாகக் குறிக்கும் கேலி. வசைச்சொல் நேரடியாக வருவது அரிது; பணிப்பட்டியல் வழியாக வருவதே மிகுதி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் அவமதிப்பையும் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதையும் குற்றமாக்குகின்றன. ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். நோயாளிகளும் உறவினரும் நிறைந்த வார்டில் நிகழ்ந்தால் இந்த நிபந்தனையை நிறைவு செய்வது எளிது. கதவு சாத்திய அறைக்குள் நிகழ்ந்தால் கடினம். 2025 ஜனவரி 31 அன்று, தமிழகத்திலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கில், அரசு அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட வசைக்கு இப்பிரிவுகள் பொருந்தா என்று உச்ச நீதிமன்றம் கூறி வழக்கை ரத்து செய்தது. சக பணியாளர்கள் பின்னரே அங்கு வந்தனர் என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமானது. ஆகவே நிகழ்வின்போது யார் யார் இருந்தனர், எந்த நேரம், எந்த இடம் என்பவற்றை அன்றே எழுதி வைப்பது இன்றியமையாதது.

அதிகம் பயன்படாத இன்னொரு பிரிவும் உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பட்டியல் சாதியினர் ஒருவர் தொழில் செய்வதையோ வேலையில் ஈடுபடுவதையோ தடுப்பதைக் குற்றமாக்குகிறது. மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பதும் அதே பிரிவில் அடங்கும். பொதுப் பார்வை என்ற நிபந்தனை இதில் இல்லை. தலித் செவிலியரைப் பிரசவ அறைக்குள் விடாதே என்று நிர்வாகமே முடிவெடுத்தால், வழக்கறிஞர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டிய பக்கம் இது.

இச்சட்டம் எட்டாத பெண்களும் இருக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர்த்த சமயத்தினரைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். மிஷன் மருத்துவமனையின் வழியாக இத்தொழிலுக்கு வந்த குடும்பங்களின் பேத்திகள் இன்றும் சாதியால் அடையாளம் காணப்படுகின்றனர்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மட்டும் அவர்களை அடையாளம் காண்பதில்லை. 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவ வாழ்வைப் பின்பற்றும் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர மறுத்ததை உறுதி செய்தது. மதம் மாறியவர்களின் நிலையை ஆராய 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. செவிலியர் பணியில் உள்ளோரின் அனுபவங்கள் அத்தகைய ஆய்வில் இடம்பெற்றாக வேண்டும்.

பதவி உயர்வு: எண் இல்லையேல் உரிமை இல்லை

கிராம சுகாதார செவிலியர், பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என ஒரு ஏணி; செவிலியர், இரண்டாம் நிலைக் கண்காணிப்பாளர், முதல் நிலைக் கண்காணிப்பாளர் என மற்றோர் ஏணி. இந்த ஏணிகளின் அடிப்படியில் மட்டுமே இட ஒதுக்கீடு நிற்கிறது. பட்டியல் சாதியினருக்குப் பதவி உயர்விலும் இட ஒதுக்கீடு வழங்க, 1995-இல் சேர்க்கப்பட்ட அரசமைப்பின் 16(4ஏ) உறுப்பு இடம் தருகிறது. தமிழக அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை.

நடைமுறைப்படுத்த வேண்டுமானால் என்ன தேவை என்பதை நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதைக் காட்டும் எண்ணளவிலான தரவு வேண்டும் என்றது 2006-ஆம் ஆண்டின் நாகராஜ் தீர்ப்பு. பின்தங்கிய நிலையை மெய்ப்பிக்கத் தேவையில்லை, பிரதிநிதித்துவத் தரவு போதும் என்றது 2018-ஆம் ஆண்டின் ஜர்னைல் சிங் தீர்ப்பு. அந்தத் தரவு ஒட்டுமொத்தத் துறைக்கானதாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு பணிநிலைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் அதே வழக்கின் தொடர்ச்சியில் விளக்கப்பட்டது. கண்காணிப்பாளர் பணிநிலையில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்ற எண்ணைத் திரட்டாத வரை, பதவி உயர்வுக் கோரிக்கை நீதிமன்றப் படியைக்கூட ஏற முடியாது. தரவு திரட்டும் பொறுப்பு அரசுடையது. திரட்டாமல் இருப்பதன் ஆதாயமும் அரசுக்கே.

மாணவரும் இயக்கங்களும் செய்யத்தக்கவை

முதலாவது, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் 6(1) பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். விடைக்கு 30 நாள் கெடு. விடை வராவிட்டால் 19(1) பிரிவின்கீழ் முதல் மேல்முறையீடு. ஒரே கேள்வியைச் சென்னை மாநகராட்சி, மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம், பொது சுகாதாரத் துறை, இ.எஸ்.ஐ. மருத்துவப் பிரிவு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். பெயர்களைக் கேட்க வேண்டாம். அது தனியுரிமையைச் சொல்லி மறுக்க வழிசெய்யும். பணிநிலைவாரியாக, இனச்சுழற்சிப் பிரிவுவாரியாக, நிரந்தரம், ஒப்பந்தம் எனப் பிரித்து எண்ணிக்கையை மட்டும் கேட்க வேண்டும். கடந்த ஐந்தாண்டுகளில் குறிப்பாணை பெற்றோர், தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டோர் எண்ணிக்கையையும் அதே பிரிவுகளின்படி கேட்கலாம். தகவல் தொகுக்கப்படவில்லை என்ற விடை வந்தால் அதுவும் ஆவணமே. தரவு திரட்டாத அரசை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அந்த ஒரு வரி உதவும்.

இரண்டாவது, பதிவு செய்வது. பணி நியமன ஆணை, ஊதியச் சீட்டு, பணிப்பட்டியல், குறிப்பாணை, அதற்கு எழுதிய விளக்கம் ஆகியவற்றின் நகலை ஒவ்வொரு செவிலியரும் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். பாகுபாடு ஒரு நாள் வசையில் தெரியாது. ஓராண்டுப் பணிப்பட்டியலை அடுக்கி வைத்தால் தெரியும்.

மூன்றாவது, செவிலியர் சங்கங்களுக்குள் சாதியைப் பேசுபொருளாக்குவது. ஊதியக் கோரிக்கையோடு பதவி உயர்வில் இட ஒதுக்கீடும், சாதிவாரித் தரவு வெளியீடும் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். ஒற்றுமை குலையும் என்ற அச்சம் எழுவது இயல்பு. தென் மாநிலச் சங்கங்கள் மனம் நோகும் என்று மார்த்தா பிராங்க்ளினும் அவருடைய தோழியரும் வாய்மூடி இருந்திருந்தால் 1948 வந்திருக்காது.

மேபல் ஸ்டாப்பர்ஸிடம் இருந்தவை இரண்டு எண்கள். தமிழ்நாட்டின் தலித் செவிலியரிடம் இன்று ஓர் எண்ணும் இல்லை. அந்த எண்ணைக் கேட்கும் முதல் விண்ணப்பத்தை எழுதச் சட்டப் பட்டம் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் போதும்.